பர்மாவிலிருந்து வந்த ஜப்பான் வாள்: பஃபிங் போடலாமா? கைப்பிடி ஆடுவதற்கு என்ன செய்வது?

பவானிக்கரை, கோபி:

வணக்கமுங்க. அப்புச்சி வீட்டுப் பரணில் ஒரு வாள் இருந்தது, இப்போ எங்ககிட்ட வந்திருக்கு. அவர் இரண்டாம் உலகப் போரில் பர்மாப் பக்கம் பட்டாளத்தில் இருந்தவர். ஜப்பான் வாள் என்பது வரைக்கும் தெரியுது, அதுக்கு மேல ஒண்ணும் புரியலைங்க. பார்த்ததை எழுதறேன்.

உறையோட சேர்த்து மூணேகால் அடி. உறை தகரம், பழுப்பும் பச்சையும் கலந்த பெயின்ட். கைப்பிடி ஓரத்தில் ஒரு பித்தான் இருக்கு, அதை அமுக்கினாத்தான் வாள் வெளியே வருது. கைப்பிடியில் சொரசொரப்பான வெள்ளைத் தோல், அதுக்கு மேல காக்கி நாடா குறுக்கு மறுக்காகச் சுத்தியிருக்கு. நாடாவுக்கு அடியில் மூணு பூ சேர்ந்த மாதிரி பித்தளைத் துண்டு. கைக்காப்புத் தகட்டிலும் பூவேலை. குஞ்சம் ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் நீலம். அலகில் அங்கங்கே மிளகளவு துரு, மேலே மஞ்சளாப் பிசுக்கு. கைப்பிடி லேசா ஆடுது.

பக்கத்துப் பட்டறையில் பஃபிங் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தர்றோம்கறாங்க. ஆயுத பூஜைக்குள்ள முடிச்சிரலாம்னு வீட்டில் சொல்றாங்க. செய்யலாமுங்களா? இது பழசா, சண்டைக்காக அப்போ அடிச்சதா, எப்படித் தெரிஞ்சுக்கறது?

நொய்யல் இரும்பு, கோவை:

பஃபிங் வேண்டாமுங்க. பட்டறைக்காரர் கைத்திறமை மேல குறை சொல்லலை, பொருள் அப்படி. முறைப்படி செய்த ஜப்பான் வாள் என்றால் வெட்டுவாய் மட்டும் கெட்டியாகும்படி களிமண் பூசிக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்திருப்பார்கள். வாய் ஓரமாக வெளேரென்று ஓடும் வரிக்கு ஹமோன் என்று பேர். பஃபிங் சக்கரத்தின் சூட்டில் ஓரம் நீலம் பாய்ந்தால் அந்த இடத்துக் கெட்டித்தன்மை போச்சு, திரும்ப வராது. சூடே ஏறாமல் செய்தாலும் முதுகுக்கும் வாய்க்கும் நடுவே ஓடும் ஷினோகி என்ற மடிப்புக்கோடு மழுங்கி உருண்டுவிடும். அந்தக் கோட்டை மறுபடி எடுக்க வேண்டுமானால் அலகு முழுவதையும் தேய்த்து இறக்க வேண்டும். அவ்வளவு இரும்பு எல்லா வாளிலும் மிச்சம் இருக்காது.

நீங்கள் சொன்ன உறை, பித்தான், மூன்று பூ எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 1938-இல் ஜப்பான் தரைப்படை அதிகாரிகளுக்கு வந்த 98-ஆம் வகை அமைப்பு. பழுப்பு, நீலக் குஞ்சம் கேப்டன், அதற்குக் கீழுள்ள அதிகாரிகளுக்கு. பழுப்பு, சிவப்பு என்றால் மேஜர் முதல் கர்னல் வரை. ஆனால் குஞ்சம் கை மாறும்போதே மாறிப்போகும் சாமான், அதை வைத்து ஆளைத் தீர்மானிக்காதீர்கள்.

இதெல்லாம் சட்டையை, அதாவது உறை, கைப்பிடி முதலான மேல்சாமான்களைப் பற்றிய சேதி. உள்ளே இருக்கும் அலகு 1940-களில் மோட்டார் சுத்தியலில் அடித்ததாகவும் இருக்கலாம், குடும்பத்தில் இருந்த நானூறு வருசத்து அலகுக்கு அதிகாரி ராணுவச் சட்டை மாட்டியதாகவும் இருக்கலாம். இரண்டும் நிறைய உண்டு. விடை கைப்பிடிக்குள் இருக்கிறது. கழற்றும் முறை:

மேசை மேல் கெட்டியான போர்வையை நாலாக மடித்துப் போடுங்கள். வெட்டுவாய் மேலே பார்க்க, முதுகு உறையில் உராய்ந்தபடி வாளை உருவுங்கள். பழைய உறைக்குள் இருக்கும் மரம் ஒட்டுவாய் பிளந்திருக்கலாம், அதனால் விரல் வாய்ப்பக்கம் சுற்றி வரக் கூடாது. கைப்பிடியின் பக்கவாட்டில் ஒரு மூங்கில் ஆணி தெரியும், மெகுகி. ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்திருக்கும். சிறுத்த பக்கத்திலிருந்துதான் தட்ட வேண்டும். நாலு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை வைத்து, நகைப் பட்டறையில் வைத்திருப்பார்களே சின்னப் பித்தளைச் சுத்தியல், அதால் லேசாகத் தட்டினால் போதும். மாற்றித் தட்டினால் ஆணி இறுகிக் கைப்பிடி மரம் விரியும். சில ராணுவ வாளில் ஆணிக்குப் பதில் திருகு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆணி வந்ததும் கைப்பிடியின் அடிப்பகுதியை இடது கையில் பிடித்து, அலகு மேலே நோக்க, சற்றே சாய்த்து நிறுத்துங்கள். வலது கை முஷ்டியால் இடது மணிக்கட்டில் குத்துங்கள். இரண்டு மூன்று குத்தில் அலகு மேலெழும்பி ஆட ஆரம்பிக்கும். வராவிட்டால் இடுக்கியில் மாட்டி இழுக்கக் கூடாது, எண்ணெய் ஊற்றவும் கூடாது. கைப்பிடியின் இரண்டு பாதி மரமும் சோற்றுப் பசையில் ஒட்டியது, ஊறினால் கழன்றுவிடும். கைப்பிடிக் கட்டைக்கும் காப்புத் தகட்டுக்கும் நடுவே ஒரு மரத்துண்டை வைத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டுங்கள்.

பிறகு வரிசையாக வரும்: செப்பா என்ற மெல்லிய வளையத் தகடுகள், சுபா என்ற காப்புத் தகடு, மறுபடி செப்பா, கடைசியாக அலகின் அடியைக் கவ்வியிருக்கும் ஹபாக்கி. எது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே ஒவ்வொன்றாகப் படம் எடுத்து ஒரு நூலில் கோத்து வையுங்கள். ராணுவ வாளில் செப்பாக்களிலும் சுபாவிலும் ஒரே எண் குத்தியிருக்கும். ஒரு செப்பா விட்டுப்போனாலே கைப்பிடி ஆடும். உங்கள் ஆட்டத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

கைப்பிடிக்குள் இருந்த வால்ப்பகுதியை, நகாகோ என்பார்கள், எதைக் கொண்டும் தேய்க்காதீர்கள். இதை மட்டும் வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். அந்தத் துருவின் நிறத்தையும் அடர்த்தியையும் பார்த்துத்தான் வயது சொல்வார்கள். உப்புத்தாளால் பளிச்சென்று ஆக்கிவிட்டால், அலகு எவ்வளவு நல்லதானாலும் விலை பாதிக்குக் கீழே போகும்.

கீழ்க்கண்டவற்றைப் போடுங்கள்: வால் இரண்டு பக்கமும் படம், துளை எத்தனை, எழுத்து உண்டா, முத்திரை உண்டா. நீளம் அளப்பது முனையிலிருந்து முதுகுப் பக்கத்து வெட்டுப்படி வரைக்கும் நேர்கோட்டில். வளைவோடு டேப்பைப் படுக்க வைக்கக் கூடாது. அந்தக் கோட்டுக்கும் முதுகுக்கும் நடுவே அதிகபட்ச இடைவெளி எவ்வளவு என்பது வளைவு. அடியிலும் முனையருகிலும் அகலம், முதுகின் தடிமன்.

கல்மூங்கில், சத்தி:

மேலே அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. ஆயுத பூஜைக்கு வாளை வைக்கறதில் தப்பில்லை, உறையோட வைங்க. அலகில் சந்தனம், குங்குமம், திருநீறு வேண்டாம். சந்தனத்தில் இருக்கற தண்ணி காயற வரைக்கும் இரும்பு மேல உக்காந்திருக்கும், ஒரு ராத்திரியில் பொட்டு வடிவத்துக்கே துரு பிடிக்கும். நுனியில் எலுமிச்சம்பழம் குத்தறது அதை விட மோசம். புளிப்பு ஹமோனைச் சாம்பலா அரிச்சு விட்ரும், கையில் துடைச்சாப் போகாது. பித்தளைச் சாமான்னு நினைச்சுக் காப்புத் தகட்டைப் புளி போட்டு விளக்கறதும், பாத்திரம் தேய்க்கற பவுடர் போடறதும் அதே கதைதான். பழைய மெருகு ஒரே தேய்ப்பில் காலி.

அந்த மஞ்சள் பிசுக்கு தேங்காயெண்ணெயா இருக்கும்னு தோணுது. நம்ம பக்கம் இரும்புன்னா கை அதுக்குத்தான் போகும். செடி எண்ணெய் எல்லாம் காத்துப் பட்டு நாளாக ஆக இறுகிப் பிசினாயிரும், அதில் தூசி ஒட்டும், ஈரம் நிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய பருத்தித் துணியில் நனைச்சு, முதுகுப் பக்கமிருந்து துணியை மடிச்சுப் பிடிச்சு, அடியிலிருந்து முனைக்கு ஒரே திசையில் இழுங்க. முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. துணி வெளுப்பா வர்ற வரைக்கும் துணியை மாத்திக்கிட்டே இருங்க. ஆல்கஹால் வாலுக்கு வேண்டாம்.

அப்புறம் ஒரு பக்கத்துக்கு ரெண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், துணியில் விட்டு மெலிசாத் தடவுங்க. எண்ணெய் வழிஞ்சா உறைக்குள்ள இறங்கி மரத்தை ஊற வைக்கும். மருந்துக்கடைக் கிராம்புத் தைலத்தை அப்படியே பூசாதீங்க. ஜப்பான்காரங்க சோஜி எண்ணெய்னு விக்கறது இப்போ பெரும்பாலும் கனிம எண்ணெயில் வாசனைக்குக் கிராம்பு கலந்ததுதான்.

அலகு திறந்திருக்கறப்போ அதுக்கு நேராப் பேசாதீங்க, எச்சில் துளி தெறிச்ச இடமெல்லாம் புள்ளியாகும்.

ஆனைமலை வாசி, பொள்ளாச்சி:

இன்னும் யாரும் சொல்லவில்லை என்பதால்: இணையத்தில் வாள் பராமரிப்புப் பெட்டி என்று விற்பார்கள், அதில் குச்சியில் கட்டிய பஞ்சுருண்டை மாதிரி ஒன்று வரும். உச்சிகோ, மெருகுக்கல்லை இழைத்த தூள். வாங்க வேண்டாம். அது பழைய எண்ணெயை உறிஞ்சத்தான். ஆனால் கல் கல்தான், தட்டித் தட்டித் துடைத்தால் நாளடைவில் அலகின் மேல் புகை படிந்தது போல் ஆகும். மலிவுப் பெட்டியில் வரும் தூள் எந்தக் கல் என்றே தெரியாது. துரு இருக்கும் அலகில் போட்டால் துருத்தூளும் சேர்ந்து கீறும்.

எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். உறை மேல் தோல் கவர் இருந்தால் கழற்றித் தனியாக வையுங்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பீரோவில் படுக்கை வாட்டில், வெட்டுவாய் மேலே இருக்கும்படி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. மழைக்காலத்தில் மாதம் ஒரு தரம் திறந்து பாருங்கள், மற்ற நாளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

உறையில் மரச்சீட்டோ துணிச்சீட்டோ கட்டியிருந்ததா? 1945-இல் சரணடைந்தபோது ஜப்பான் அதிகாரிகள் வாளை நேரில் ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று பர்மாப் படைத்தளபதி ஸ்லிம் பிடிவாதமாக நின்றார். அப்படி ஒப்படைத்தவர்களில் சிலர் பெயரும் ஊரும் எழுதிச் சீட்டுக் கட்டி விட்டார்கள். பரணில் உதிர்ந்து கிடக்கிறதா என்று தேடுங்கள். அப்புச்சியின் பட்டாளப் புத்தகம், வாளை வைத்துக்கொள்ளப் பட்டாளத்தில் கொடுத்த கடிதம் இருந்தாலும் பத்திரம். பின்னாடி காவல் நிலையத்தில் கேள்வி வந்தால் அந்தக் காகிதம்தான் பேசும்.

பவானிக்கரை, கோபி:

எல்லாருக்கும் நன்றிங்க. மணிக்கட்டில் குத்தினதும் நிஜமாகவே எழும்பிருச்சு.

நீளம் 63.4 செ.மீ., வளைவு 1.4. அடியில் அகலம் 2.9, முனையருகே 2.0. முதுகுத் தடிமன் 6.5 மி.மீ. வாலில் துளை ரெண்டு, ஒண்ணுலதான் ஆணி போகுது. எழுத்தோ முத்திரையோ இல்லை. வாலோட கடைசி சதுரமா வெட்டின மாதிரி இருக்கு. துரு கருப்பட்டி நிறம், தொட்டாக் கையில் ஒட்டலை. ஆனா மேல் பாதி கொஞ்சம் வெளுப்பு. ஆல்கஹாலில் துடைச்சதுக்கப்புறம் அந்த வெள்ளை வரி அலை அலையாத் தெரியுது, ஹபாக்கி இருந்த இடத்தையும் தாண்டி வாலுக்குள்ள ஒரு விரல்கடை போயிருக்கு. செப்பா எட்டு இருக்கு, எல்லாத்திலயும் 37. ஆணிதான் நைஞ்சு போய், பாதி காணோம்.

நொய்யல் இரும்பு, கோவை:

இப்போது பேசலாம். 60.6 செ.மீ., அதாவது இரண்டு ஷாக்குவுக்கு (ஜப்பான் நீள அளவு) மேல் இருப்பதால் இது கட்டானா என்ற நீள வாள். அதற்குக் கீழே ஒரு ஷாக்கு வரை வாக்கிசாஷி என்ற குட்டை வாள், இன்னும் கீழே தான்தோ என்ற குத்துவாள்.

ராணுவத்துக்காக 1940-களில் வெளிவந்த அலகுகளில் வால் மேல் ஷோவா அல்லது செகி என்ற சின்ன முத்திரை இருக்கும். அவை பெரும்பாலும் ஆலை இரும்பில், எண்ணெயில் தோய்த்தவை. நட்சத்திர முத்திரை என்றால் படை அங்கீகரித்த கொல்லர், முறைப்படி செய்தது. உங்களுடையதில் எதுவும் இல்லை. இரண்டு துளை மட்டும் பழமைக்குச் சாட்சி ஆகாது, சட்டை மாற்றும்போது புதுத் துளை போடுவது சாதாரணம். ஆனால் சதுர வெட்டு, ஹமோன் வாலுக்குள் ஓடியிருப்பது, வாலின் மேல்பாதி துரு இளசாக இருப்பது, மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன: நீளமாக இருந்த அலகை அடியில் வெட்டிக் குறைத்திருக்கிறார்கள். ஓ-சுரியாகே. வெட்டிய துண்டோடு கையெழுத்தும் போயிருக்கும். 1600-ஐ ஒட்டிய காலத்தில், குதிரை மேலிருந்து வீசும் நீள வாள்களை இடுப்பில் செருகும் அளவுக்கு நிறையவே குறைத்தார்கள்.

இருந்தாலும் உடனே நானூறு வருசம் என்று ஊருக்குச் சொல்லிவிடாதீர்கள். பழசு போலக் காட்டவே வெட்டியவையும் உண்டு. கையெழுத்து இல்லாதது ஒரு வகையில் நல்லதுங்க. பெரிய பேர் பொறித்த வாள்களில் பொய்க் கையெழுத்து ஏராளம், இல்லாத பேரைப் பொய் சொல்ல முடியாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது குறைகள். இருட்டறையில் ஒற்றை பல்பு, அலகை விளக்குக்குக் கீழே வைத்துச் சாய்த்துச் சாய்த்து, நகைக்கடைப் பத்து மடங்கு லென்ஸில் வாய் ஓரம் முழுக்கப் பாருங்கள். ஓரத்துக்குக் குறுக்கே தலைமுடி போல ஒரு கீறல் ஹமோனுக்குள் இறங்கியிருந்தால் அது ஹகிரே. விரிசல். அதற்கு வைத்தியம் இல்லை, சேகரிப்பாளர்கள் அதோடு வைத்துவிட்டுப் போவார்கள். வாயில் சின்னப் பல் போயிருந்தால் பெரிய விஷயமில்லை. முனையில் ஹமோன் திரும்பி முதுகுப் பக்கம் மடங்குகிறதா என்று பாருங்கள். மடங்காமல் ஓரத்தில் முட்டி நின்றால் முனை உடைந்து மறுபடி இழைத்தது. கடைசியாக இரும்பின் தோல்: மரப்பலகையின் ரேகை போல அலையோட்டம் தெரிந்தால் மடித்து மடித்து அடித்த இரும்பு. ஆலை இரும்பு வெறுமையாக இருக்கும்.

நம் பக்கத்துக் கொடுமணலில் பழங்காலத்தில் செய்த உருக்கோடு இதை ஒப்பிட்டு ஒரு கேள்வி இங்கே அடிக்கடி வரும், அதனால் இப்போதே: இரண்டும் வேறு வேறு வழி. நம்முடையது மூசையில் முழுக்க உருகிய எஃகு. அதில் வரும் பூவேலை ஆறும்போதும் அடிக்கும்போதும் உள்ளிருந்து வருவது. ஜப்பான் தமஹகானே இரும்பு மணலையும் கரியையும் தத்தாரா என்ற மண் உலையில் மூன்று நாள் எரித்து எடுப்பது, முழுக்க உருகாது, கட்டியும் முட்டியுமாக வரும். கரியைச் சமமாகப் பரப்பவும் கசடைப் பிழிந்தெடுக்கவும்தான் மடிப்பு. பத்து மடிப்பில் 1,024 அடுக்கு. அதற்கு மேல் மடித்தால் கரி எரிந்து குறைந்துகொண்டே போகும். ஆயிரம் தடவை மடித்த வாள் என்று விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். ஷிமானே மாகாணத்து ஒகுயிசுமோவில் 1977-இல் மறுபடி ஏற்றிய தத்தாரா, இன்றும் குளிர்காலத்தில் மட்டும் எரிகிறது.

வஞ்சி கல், கரூர்:

வாள் இல்லாமல் சுபா மட்டும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். இரும்பில் வெட்டுவேலை செய்தது கண்ணுக்குப் பிடித்திருக்கிறது. வார்ப்பு நகலை எப்படிப் பிரிப்பது?

ஆனைமலை வாசி, பொள்ளாச்சி:

நல்ல முடிவு. ஆயுதச் சட்டத் தொல்லை குறைவு, இடமும் கம்மி. கைக்கு வந்ததும் முதலில் வெட்டுவேலையின் உள்சுவரைப் பாருங்கள். அறுத்து அரம் போட்டதென்றால் ரம்பத் தடமோ அரத் தடமோ, மூலைகளில் கூர்மையோ இருக்கும். வார்ப்பில் மூலை உருண்டு, நடுவே மெல்லிய தையல் கோடு ஓடும், மேற்பரப்பில் ஊசிக்குத்து போலக் காற்றுக்குழி. இரும்பாக இருந்தால் நூலில் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டுங்கள். அடித்த இரும்பு மணியாக ஒலிக்கும், வார்ப்பு மொட்டென்று நிற்கும். மெல்லிய தகடு, கெட்டித் தகடு என்று ஒலி மாறும், அதனால் இது ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம்.

நடுத்துளையைக் கவனியுங்கள். வாளில் மாட்டியதென்றால் துளையின் மேலும் கீழும் உளி வைத்துக் குத்திய தடமோ, செம்பு அடைப்போ இருக்கும், அதைச் சுற்றி செப்பா அழுத்திய முட்டை வடிவ நிழல் இருக்கும். எந்தத் தடமும் இல்லாமல் புத்தம் புதிதாக இருந்தால் கேள்வி கேளுங்கள். அளவு ஏழு எட்டு சென்டிமீட்டர், தடிமன் நாலைந்து மில்லிமீட்டர் வழக்கம்.

பழைய இரும்பு சுபாவின் கறுப்பே அதன் உயிர். சிவப்புத் துரு எழுந்த இடத்தில் மட்டும், மான்கொம்புக்குப் பதில் மாட்டுக்கொம்புச் சீப்பின் உடைந்த பல்லைக் கூராக்கிச் சுரண்டி எடுங்கள். எண்ணெய் கொஞ்சம், பிறகு கறுப்புப் பருத்தித் துணியால் தினம் ஐந்து நிமிசம் தேய்ப்பு. கம்பி நார், துரு நீக்கி திரவம் எதுவும் ஆகாது. ஷகுதோ என்ற நீலக்கறுப்பு உலோகம் வந்தால் அதைத் துணியால் கூட அழுத்தித் தேய்க்காதீர்கள். செம்பில் சில சதவீதம் தங்கம் சேர்த்து மருந்துநீரில் கொதிக்க வைத்துக் கறுத்தது, அந்தக் கறுப்பு முடி கனம்கூட இல்லாத படலம். மெட்டல் பாலிஷ் பட்டால் அடியில் செம்பு பல்லை இளிக்கும்.

கல்மூங்கில், சத்தி:

கோபி தம்பி, ஆணிக்கு: இரும்பு ஆணியும் வேண்டாம், ஹோட்டல்ல குடுக்கற சாப்ஸ்டிக்கும் வேண்டாம். இரும்பு ஆணி வால்த்துளையை இழைச்சு அகட்டிரும், சாப்ஸ்டிக் மூங்கில் பஞ்சு மாதிரி, நசுங்கிரும். காஞ்சு வருசமான கல்மூங்கில் துண்டு, வெளித்தோலை ஒட்டின கெட்டி நார் இருக்கற பாகம். கத்தியால் வாட்டமாச் சீவி, கடைசியில் கண்ணாடித் துண்டால் சுரண்டுங்க. கைப்பிடியில் விட்டுப் பாருங்க: விரலால் அமுக்கினா முக்கால் பங்கு போகணும், மிச்சம் சுத்தியலில் ரெண்டு தட்டு. ரெண்டு பக்கமும் சமமா வெட்டுங்க, நீட்டிக்கிட்டிருந்தாக் கையில் குத்தும். எட்டு செப்பாவும் சரியா இருக்குன்னா ஆட்டம் இதிலேயே நின்னுரும். நிக்கலைன்னா மரம் சுருங்கியிருக்கு. வால் போற குழிக்குள்ள பக்கவாட்டில் மெலிசான மரச்சீவல் ஒண்ணு ஒட்டுங்க, பெவிகால் இல்லாம சோத்துப் பசையில். நாளைக்கு வேணும்னா பிரிக்கலாம்.

நாடாவைப் பிரிச்சுத் துவைக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க.

நொய்யல் இரும்பு, கோவை:

பஃபிங் இல்லாமல் முறையான மெருகு போடலாமா என்று எனக்குத் தனியாக எழுதிக் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். முறையான மெருகு ஜப்பானில் பயின்ற தொகிஷி என்ற வாள் மெருகுக்காரர் கையில் பல கல் மாறி மாறி வாரக்கணக்கில் நடப்பது. அனுப்புவதும் சுலபமில்லை. நூறு வருசம் தாண்டியதென்றால் 1972-ஆம் வருசத்துத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1948 முதல் இருக்கும் ஜப்பான் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் சான்றும் வாளை நேரில் கொண்டுபோனால்தான் கிடைக்கும். அதனால் துருவை எண்ணெயில் நிறுத்தி வைத்து, நல்ல படங்கள் எடுங்கள். துருப்புள்ளி பரவாமல் இருந்தாலே போதும்.

சட்டம்: 2016-ஆம் வருசத்து ஆயுத விதிகளில் ஐந்தாம் வகையில் வாள் வருகிறது, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள். வீட்டில் வைத்திருக்க உரிமம் வேண்டுமா என்பது 1959-ஆம் வருசத்துச் சட்டத்தின் நாலாம் பிரிவில் உங்கள் பகுதிக்கு அறிவிக்கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஈரோடு கலெக்டர் ஆபீஸ் ஆயுத உரிமப் பிரிவில் எழுதிக் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம். மனுவோடு படம் மட்டும் போதும், வாளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள்.

பவானிக்கரை, கோபி:

சரிங்கண்ணா. லென்ஸ் வாங்கிப் பார்த்துட்டு முனைப் படம் போடறேன். பட்டறைக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு. பூஜைக்கு உறையோட வைக்க வீட்டில் ஒத்துக்கிட்டாங்க, எலுமிச்சம்பழம் வண்டிக்கு மட்டும்.